நண்டு வண்டியும் வீட்டோடு மாப்பிள்ளையும்

ஊற்றுமேட்டுக் குப்பத்தில் துளசிங்கத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. சிறுசு பெருசு எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான். சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் பிறந்து, பொன்னேரியில் ஒரு பம்புசெட் பட்டறையில் கை கறுக்க வேலை கற்று, எழுபத்தெட்டில் பச்சையம்மாவைக் கட்டிக்கொண்டவன். மாமனார் அப்போது படுத்த படுக்கை. மைத்துனன் வடிவேலு அரை டவுசர். குடும்பத்தைத் தாங்க ஓர் ஆண்பிள்ளை வேண்டுமென்று வந்து தங்கினான். மாமனார் போய்ச் சேர்ந்தார், வடிவேலு மீசை வைத்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்டான், துளசிங்கம் மட்டும் மாப்பிள்ளையாகவே இருந்தான். கல்யாணம் காட்சி என்றால் முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். ஆடியில் கூழ் ஊற்றினால் முதல் சொம்பு அவனுக்கு. ஏரியில் மட்டும் அவனுக்கு ஒரு சாண் இடம் கிடையாது.

பழவேற்காட்டு ஏரியில் இறால் எங்கே ஓடும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்த இடத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் ஓடினால் மண்டைதான் உடையும். அதனால் நல்ல இடங்களில் வலை போட முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தை மாதம் கோயில் வாசலில் பெயர்ச் சீட்டுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். எடுத்த வரிசையில் ஆளுக்கு ஒரு நாள். ஊரில் பிறந்து கல்யாணமான ஆணுக்குத்தான் குடத்தில் சீட்டு. வந்து ஒட்டியவன் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏறிக்கொள்ளலாம். துளசிங்கம் எட்டு வருஷமாக அப்படித்தான் ஏறி இறங்கினான். சொந்த மச்சான் படகிலேயே கூலிக்காரனாக உட்கார்ந்து வருவது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்தவனைக் கேட்டால்தான் தெரியும்.

எண்பத்தாறில் அந்த வண்டி வந்தது. முகத்துவாரத்து மணல் எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். படகில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி, மேலே குதிரைச் சேணம் மாதிரி இருக்கை, கீழே ஊதிப்போன நாலு டயர். நாலு சக்கரமும் இழுக்கும். மாட்டு வண்டி அச்சு வரை புதையும் மணலில் அது தாவிக்கொண்டு போனது. பார்த்த பெண்கள் நண்டு என்று பெயர் வைத்தார்கள். அளந்து முடித்துக் கிளம்பும்போது திருப்பி எடுத்துப்போக அலுத்துக்கொண்டு, ஊருக்கே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

ஊருக்கு அது பெரிய வரம். கடலோரத்தில் பிடிக்கிற மீனை ஏரிக்கரை படகுத்துறைக்குக் கொண்டுவர நடுவில் இருக்கிற மணலைத் தாண்ட வேண்டும். பெண்கள்தான் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து தாண்டினார்கள். வெயில் காலத்தில் கால் வெந்து போகும். இனி நண்டு சுமக்கும்.

யார் ஓட்டுவது என்று பஞ்சாயத்து கூடியது. ஊருக்குப் பெரியவர் தசரதன், பச்சையம்மாவுக்குச் சித்தப்பா முறை. அவருக்கு யோசிக்கத் தேவையே இல்லை. ஊருக்குப் பொதுவாக ஒன்று வந்தால் என்ன செய்வது என்பது தாத்தன் பூட்டன் காலத்திலேயே முடிவான விஷயம். “பாட்டுல பேர் கீற வரிசைப்படி ஆளுக்கு ஒரு நாள் வண்டி” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பின்னால் நின்ற துளசிங்கம் மட்டும், “மாமா, இது ஏரி இல்ல, மிஷினு. ஒருத்தன் பொறுப்புல இருந்தாதான் நிக்கும்” என்றான்.

“நீ சும்மா இரு மாப்ள. வெளாட்டுக்கு வந்த சாமானா இது? ஊரு பொறுப்பு” என்றார் தசரதன்.

ஊர் பொறுப்பு என்றால் என்னவென்று அடுத்த வாரமே தெரிந்துபோனது. ஏரியில் ஒருவன் இன்றைக்கு வலையை வாரிவிட்டுப் போனால் நாளைக்கு வருகிறவனுக்குத் தண்ணீர் புது மீனைக் கொண்டுவந்து வைக்கும். அதை நம்பியே வாழ்ந்த சனம். வண்டியையும் அப்படியே நினைத்தார்கள். இன்றைக்கு முறை வந்தவன் அதன் உயிரை எடுத்துவிட்டுப் போவான், நாளைக்கு அது தானாக ஊறிவிடும் என்று நம்பி அடுத்தவன் வந்து ஏறுவான். எண்ணெய் பார்க்க மாட்டான். டயரில் காற்று பார்க்க மாட்டான். அது நேற்றைக்காரன் பார்த்திருக்க வேண்டியது, அல்லது நாளைக்காரன் பார்க்க வேண்டியது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வண்டியின் மேல் அவர்களுக்குப் பிரியம் வேறு. சாயங்காலமானால் ஏரிக்குள் இறக்கி, படகைக் கழுவுகிற மாதிரி நாரால் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். சந்தனம் குங்குமம்கூட வைப்பார்கள். உப்புத் தண்ணீர்! படகு மரம், உப்பில் ஊறினால்தான் அதற்கு நல்லது. இரும்புக்கு உப்பு விஷம் என்பதைத் துளசிங்கம் எத்தனை முறை சொன்னாலும், “அழுக்கோட வுடச் சொல்றியா மாப்ள?” என்று கேட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் போல்ட்டுகள் துருவில் பூத்துவிட்டன. பிரேக் இறுகியது. ஒருநாள் நண்டு நடு மணலில் நின்றுவிட்டது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் நினைவு வந்தது. எண்பத்தேழு தையில், சீட்டுக் குலுக்கி முடித்த கையோடு தசரதன் அவனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, நீ எஞ்சின் வேலை தெரிஞ்சவன். அடுத்த சீட்டு வரிக்கும் இத்த ஓட வச்சிரு. ஓடிச்சின்னா உம்பேரையும் கொடத்துல போடறோம். இது ஊரு வார்த்த.”

துளசிங்கம் வீட்டுக்கு ஓடிவந்து பச்சையம்மாவிடம் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்து, “நெசமா சொன்னாரா?” என்று இரண்டு தரம் கேட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் மீன் துண்டு ஒன்று அதிகமாக விழுந்தது.

பழவேற்காட்டு டவுனில் அப்துல் ஹை என்பவர் சைக்கிள், மொபெட், படகு எஞ்சின் எதுவானாலும் பிரித்துப் போடுகிற கடை வைத்திருந்தார். துளசிங்கம் சக்கர அச்சின் மூட்டிலிருந்து கிழிந்த ரப்பர் உறையைக் கழற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தான்.

“இன்னா துளசிங்கம், இதுக்கு ஸ்பேர் கேட்டா சீமைக்குத்தான் போவணும்” என்றார் அப்துல் ஹை. “இது வெளையாட்டு வண்டிப்பா. லீவு நாள்ல ஓட்டிட்டு, தொடச்சி ஷெட்ல வெக்கிறவனுக்குச் செஞ்சது. உங்க ஆளுங்க தெனம் மீன் கூடை ஏத்துறாங்க. இன்னொரு மழை தாங்காது.”

“தாங்கணும் பாய். எம் பேரு அதுல கீது.”

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பழைய லாரி டியூபை வெட்டினார். அதை மூட்டுக்குச் சட்டை மாதிரி தைத்து, உள்ளே கிரீஸை அப்பி, வலை பின்னுகிற நைலான் நூலால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினார்கள். ஊரில் யாருக்கும் புரியாத அந்தக் கறுப்புச் சட்டைதான் வண்டியை ஒரு வருஷம் காப்பாற்றியது. மணல் மூட்டுக்குள் போனால் மூட்டு அரிசி அரைக்கிற மாதிரி அரைபட்டுப் போகும்.

அந்த வருஷம் துளசிங்கம் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டானா என்பது சந்தேகம். காலையில் எண்ணெய் பார்ப்பான். காற்றை வடிகட்டுகிற ஸ்பாஞ்சைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, எண்ணெய் தடவி மாட்டுவான். முறைக்காரன் வந்து வண்டியை எடுத்துப் போவான். சாயங்காலம் திரும்பி வரும்போது ஏதாவது ஒன்று குறைந்திருக்கும், அல்லது கூடியிருக்கும். ஒருவன் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருப்பான். ஒருவன் பிரேக் கம்பியை நங்கூரக் கயிறு கட்ட எடுத்திருப்பான். வடிவேலு ஒருநாள் அந்த ஸ்பாஞ்சையே பிடுங்கி எறிந்துவிட்டு வந்தான்.

“வண்டிக்கி மூச்சு முட்டுது மாமா. அத்தத் தூக்கிப்போட்டேன், இப்போ பாரு, ஜிவ்வுனு போவுது!”

“மூச்சு முட்டுதா? மணல மூக்குல அள்ளிப் போட்டுக்கினு ஓடுடா நீ, உனுக்கு எப்டிப் போவுதுன்னு பாக்கறேன்!” என்று கத்திவிட்டு, துளசிங்கம் மணல் முழுக்கத் தேடி அந்த ஸ்பாஞ்சைப் பொறுக்கி வந்தான்.

தண்ணீர்தான் பெரிய தொல்லை. வண்டியை ஏரியில் இறக்கக் கூடாது என்று காலில் விழாத குறையாகச் சொல்லி ஒருவழியாக நிறுத்தியிருந்தான். ஆனால் கழுவாமலும் விட முடியாது, காற்றே உப்பு. நல்ல தண்ணீர் வேண்டும். அந்த மணல் மேட்டில் நல்ல தண்ணீர் என்றால் ஊற்றுதான். குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைக்க வேண்டும். பச்சையம்மா வீட்டுக்கு ஒரு நடை, வண்டிக்கு இரண்டு நடை நடந்தாள். வேலை அத்தோடு முடியவில்லை. யார் முறையானாலும் பாட்டில் பெயர் உள்ள வீட்டுக் கூடைதான் வண்டியில் ஏறும். பெயர் இல்லாத வீட்டுக்காரி தன் மீன் கூடையைத் தலையில்தான் தூக்க வேண்டும். ஊரில் எல்லாப் பெண்களுடைய கூடையும் நண்டின் மேல் குலுங்கிக்கொண்டு போக, அந்த நண்டைக் குளிப்பாட்டுகிறவள் பக்கத்திலேயே கூடையோடு நடந்து போவாள்.

“நான் தூக்கின தண்ணி சவாரி போவுது, நான் நடந்து போறேன்” என்பாள். “தை வரட்டும்” என்பான் அவன். இரண்டு பேருக்கும் அதுதான் பதில்.

மார்கழிக் கடைசியில் வடிவேலு முறை. முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் குறைவுதான், குறுக்கே போய்விடலாம் என்று யாரோ உசுப்பேற்ற, வண்டியை உள்ளே விட்டான். இருக்கை வரை முழுகியது. கயிறு போட்டு இழுத்துவந்து துளசிங்கம் வாசலில் நிறுத்தி, “நின்னு போச்சி மாமா” என்றான், ஏதோ அது தானாக நின்றுவிட்ட மாதிரி.

துளசிங்கம் எண்ணெய் போல்ட்டைத் திறந்தான். எண்ணெய் வரவில்லை. டீ மாதிரி ஒரு தண்ணீர் வந்தது. அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வருஷம் முழுக்கக் காத்தது அந்தத் தண்ணீரோடு ஒழுகிப் போகிறதே என்று கண் கலங்கியது. பிறகு எழுந்து, வீட்டிலிருந்த அத்தனை குடத்தையும் தூக்கிவந்து, உப்பு போக வண்டியின் மேல் ஊற்றினான். குடிக்க வைத்திருந்ததையும் விடவில்லை.

பச்சையம்மா கூடையோடு திரும்பி வந்து காலிக் குடங்களைப் பார்த்தாள். “குடிக்கிற தண்ணியுமா? எம் புள்ளைங்க இன்னாத்தக் குடிக்கும்? இந்த எழவெடுத்த வண்டி எப்போ ஒழியுமோ!” என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினாள். கத்திக்கொண்டே குடங்களை அடுக்கி இடுப்பிலும் தலையிலும் வைத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள்.

மண்ணெண்ணெய் ஊற்றி அலசினான், எண்ணெய் ஊற்றி ஓடவிட்டு வடித்தான், மறுபடி ஊற்றினான், மறுபடி வடித்தான். தண்ணீர் கலந்து எண்ணெய் வெள்ளையாக வருவது நிற்கும்வரை விடவில்லை. பிளக்கைக் கழற்றி அடுப்பில் காய்ச்சினான். பொங்கலுக்கு முதல் நாள் நண்டு இருமி, புகை கக்கி, பிறகு சீராக ஓடியது. அவன் இருக்கையில் ஓங்கி ஒரு அறை விட்டான். அந்த அறையில் கோபமும் இருந்தது, கொஞ்சலும் இருந்தது.

எண்பத்தெட்டுத் தையில் சீட்டுக் குலுக்கும் நாள். சீட்டுக் குடத்தையே நண்டின் மேல் வைத்துத்தான் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். துளசிங்கம் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றான். தசரதன் வண்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்க, “ஓட வச்சிட்டான்யா மாப்ள!” என்றார். கைதட்டினார்கள். துளசிங்கத்துக்கு மாலையும் போட்டார்கள்.

சீட்டு எழுத ஆரம்பித்தபோது கூட்டத்திலிருந்து வடிவேலுதான் கேட்டான். “மாமாவுக்குப் பாடு குடுத்தா மாமா ஏரிக்குப் பூடுவாரு. அப்பால வண்டிய யாரு பாத்துக்குவாங்க?”

அது நியாயமான கேள்வி என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. தசரதன் தாடையைச் சொறிந்தார்.

“அதுவும் சர்தான். மாப்ள, நீ கோச்சிக்காத. வலை வுட நூறு பேரு கீறாங்க. வண்டிக்கி உன்ன வுட்டா யாரு கீறா? நீ வண்டிக்கின்னே பொறந்தவன்யா. இப்டியே இரு.”

திட்டியிருந்தால் துளசிங்கம் பதில் பேசியிருப்பான். புகழ்ந்து கழுத்தை அறுக்கிறவர்களிடம் என்ன பேசுவது? ஓடாமல் போயிருந்தால் பெயர் கிடையாது. ஓடியதாலும் பெயர் கிடையாது. கழுத்தில் மாலையோடு நின்றான். குடத்தில் சீட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

பஞ்சாயத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. பச்சையம்மா ஓரத்திலிருந்து காலிக் குடத்தோடு நடந்துவந்தாள். சீட்டுக் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை டங்கென்று வைத்தாள்.

“சித்தப்பா, வண்டி ஓடிச்சா, ஓடலியா?”

“ஓடிச்சி. அதுக்கு இன்னா இப்போ?”

“ஊரு வார்த்தைன்னு சொன்னது நீங்கதான?”

தசரதன் ஏரியைப் பார்த்தார்.

“சரி. ஊரு வண்டி, முறை வண்டி. இன்னிலேருந்து யாரு முறையோ அவங்க வூட்டுப் பொம்பள ஊத்துல எறங்கித் தண்ணி மொள்ளட்டும். என் கூடைய நான் தூக்கிப்பேன். பேரு இல்லாத வண்டிக்கி இனிமே நான் ஒரு சொட்டு தூக்க மாட்டேன்.” கணவன் பக்கம் திரும்பினாள். “நீயும் ஸ்பானரத் தொடக் கூடாது. தொட்ட, வூட்டுல சோறு கெடயாது.”

அடுத்து வந்த மாதங்கள்தான் துளசிங்கத்தின் வாழ்க்கையிலேயே கஷ்டமான மாதங்கள். எந்த வீட்டுப் பெண்ணும் இரும்புக்காக ஊற்றுக்குள் இறங்கவில்லை. ஆண்கள் பழையபடி வண்டியை ஏரியில் இறக்கிப் பாசத்தோடு தேய்த்தார்கள். துளசிங்கம் வீட்டுக்குள் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெளியே வண்டி போகும். முன்னால் இடது பக்கம் டக் டக்கென்று கேட்கும். நைலான் கட்டு அவிழ்ந்துவிட்டது, மணல் உள்ளே போகிறது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு முடிச்சுப் போட்டால் போதும். எழுந்திருப்பான். பச்சையம்மா திரும்பிப் பார்ப்பாள். உட்காருவான். தன் பிள்ளை தெருவில் இருமிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

“மாமா, ஒரு சத்தம் வருது, கொஞ்சம் பாரேன்” என்று வடிவேலு வந்து நின்றான்.

“யாரு முறை இன்னிக்கி?”

“என்துதான்.”

“அப்போ நீ பாரு” என்று சொல்லிவிட்டு, வலை ஊசியைத் தேவையில்லாமல் இறுக்கி இழுத்ததில் நூல் அறுந்தது.

வைகாசி வெயிலில் நண்டு நடு மணலில் நின்றது. மேலே நாலு வீட்டு இறால். ஐஸ் கரைந்து, ஆள் போய்ச் சேர்வதற்குள் நாற்றமடித்துவிட்டது. அன்றைக்கு ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூடைகளைக் குழி தோண்டிப் புதைத்தது. மறுநாளிலிருந்து எல்லாப் பெண்களும் தலையில் கூடையைத் தூக்கினார்கள். தூக்கினவர்கள் சும்மா தூக்கவில்லை. வீட்டுக்கு வீடு புருஷன்மாரின் காதைத் துளைத்தார்கள். தசரதன் வீட்டுக்காரியும் துளைத்தாள் என்று கேள்வி.

எண்பத்தொன்பது தையில், யாரும் கேட்காமலே, தசரதன் ஒரு சீட்டில் துளசிங்கம் என்று எழுதச் சொன்னார். ஊரில் அவன் பெயர் சத்தமாகக் கேட்டது அன்றைக்குத்தான். குடத்துக்குள் சீட்டு விழும்போது துளசிங்கம் அழுதுவிட்டான், மறைக்கவும் இல்லை. ஏரியில் அவன் முறை வந்தபோது, சொந்த மச்சான் படகை அவன் வாடகைக்கு எடுத்து, மச்சானைக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு போய் வலை விட்டான். நல்ல இறால் விழுந்தது.

அதற்கு அடுத்த வாரம் தசரதன் வாசலில் வந்து நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். “துளசிங்கம், இன்னிக்கி வண்டி உம் முறை.”

பாட்டில் பெயர் இருந்தால் வண்டியிலும் முறை உண்டு. ஊர்ச் சட்டம் மாறவில்லை. துளசிங்கம் மணலுக்கு நடந்து போனான். நண்டு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. இருக்கைக்கு அடியில் நிஜ நண்டுகள் வளை போட்டிருந்தன. டயர் இரண்டு வெடித்திருந்தன. அப்துல் ஹை தைத்த கறுப்புச் சட்டை நார் நாராகக் கிழிந்து தொங்கியது. ஓடுகிற காலமெல்லாம் எனக்கு முறை இல்லை, செத்த பிறகு முறை கொடுக்கிறான்கள் என்று அவனுக்குத் தலையிலிருந்து கால் வரை எரிந்தது. கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, வெளிநாட்டுக்காரன், தசரதன், வடிவேலு, ஏரி, உப்பு என்று ஒருவரையும் விடாமல் திட்டினான். திட்டிக்கொண்டே மண்டியிட்டு எண்ணெய் போல்ட்டில் ஸ்பானரை வைத்தான். அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, அடுத்த போல்ட்டைத் திட்டப் போனான்.

பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்டது. சோறு கிடையாது என்ற மிரட்டல் நினைவுக்கு வந்து சட்டென்று ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

பச்சையம்மா வந்து நின்றாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இன்னா பாக்கற? புடி குடத்த, கழுத்து போவுது” என்றாள். “முறை நம்மளதாச்சே.”